என் தட்டும் மாணவர் தட்டும்

(கோவையில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் புலால் உண்பதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஏன் விட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதையொட்டி வகுப்பறையில் நான் செய்த தவறு ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பல்லடம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் கறிக்கோழிப் பண்ணை இருந்தது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளாக வந்து இறங்கும். நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோவைத் தொட்டதும் லாரி வரும். இரவில்தான் பிடிப்போம். கால்களைச் சேர்த்துப் பிடித்து, எடை போட்டு ஏற்றுவது எங்கள் வேலை. அந்த வருமானத்தில்தான் படித்தேன். அந்தத் தொழிலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கையில் பட்ட அந்த உயிர்ச்சூடு மறக்கவில்லை.

எங்கள் பக்கம் புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. ஓர் ஆண்டு புரட்டாசி முடிந்து வீட்டார் மறுபடி தொடங்கினார்கள், நான் தொடங்கவில்லை. "கெடா வெட்டுக்குப் போனா என்ன கண்ணு பண்ணுவே?" என்றார் அம்மா. "ரசஞ்சோறு தின்னுக்கறேம்மா" என்றேன். அதோடு முடிந்தது.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. வகுப்பில் திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலால் மறுத்தல் பற்றிப் பேச்சு வந்தது. என் கதையை உருக்கமாகச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். நல்ல பாடம் நடத்தியதாக மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் சத்துணவு அமைப்பாளர் என்னை அழைத்தார். "சார், உங்க வகுப்புல அஞ்சு பிள்ளைங்க முட்டை வேண்டாங்கறாங்க. கேட்டா, சார் சொன்னாருங்கறாங்க" என்றார். முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. அந்தப் பட்டியலிலும் இவர்கள் பெயர் இல்லை. ஒரு வாரமாக வெறும் சாதம் மட்டும் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிறுமி, மில் தொழிலாளியின் மகள், என்னிடம் கேட்டாள்: "சார், முட்டை தின்னா பாவங்களா?"

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் வீட்டில் பாலும் தயிரும் கொள்ளும் பருப்பும் குறைவில்லாமல் இருக்கின்றன. அவள் வீட்டில் பால் காப்பிக்கு மட்டுந்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. தாவர உணவில் கிடைக்காத பி12 சத்தும் இருக்கிறது. 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று எனத் தொடங்கிய முட்டை, இன்று பள்ளி நாள்தோறும் கிடைக்கிறது. அதை என் பேச்சு ஒரே வாரத்தில் தட்டிலிருந்து எடுத்துவிட்டது.

காந்தியடிகள் 1888இல் லண்டன் சென்றபோது, தாயிடம் செய்த சத்தியத்துக்காகவே புலாலைத் தவிர்த்தார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய நூலைப் படித்த பிறகே, சைவ உணவைத் தாமே விரும்பி ஏற்றதாகச் சத்திய சோதனையில் எழுதுகிறார். சொல்லுக்குக் கட்டுப்படுவது வேறு. தானே தேர்ந்துகொள்வது வேறு. அந்தப் பிள்ளைகள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். புலால் மறுத்தலை வற்புறுத்திய வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். பசியாற்றுவதே அங்கே முதல் கடமை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "முட்டை தின்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. என் முடிவை நான் நாற்பது வயதில் எடுத்தேன். நீங்கள் வளரும் பிள்ளைகள். விட நினைத்தால் வீட்டில் பேசுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்." நால்வர் அன்றே முட்டை வாங்கினார்கள். ஒருவன் மட்டும் பெற்றோரோடு வந்து, உறுதியாக வேண்டாம் என்றான். அவன் பெயரை வாழைப்பழப் பட்டியலில் சேர்த்தோம். பருப்பும் பயறும் தயிரும் நாள்தோறும் வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னேன்.

இப்போது மதிய உணவின்போது வரிசையருகே நிற்கிறேன். முட்டை வாங்குபவரையும் பழம் வாங்குபவரையும் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன். புலால் மறுத்தல் அதிகாரத்தை இன்றும் நடத்துகிறேன். என் கதையைச் சொல்வதில்லை. பிள்ளைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்கிறேன்.

நாம் வகுப்பில் சாதாரணமாகச் சொல்வதைக்கூடப் பிள்ளைகள் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை நினைவில் வைத்துப் பேசுவோம்.