சொல்லில்லாத வினாத்தாள்



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் ரெட்டியார்சத்திரம். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மாலை வேளைகளில் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது என் வழக்கம். ஒருநாள், முன்பு என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் மதுரையில் வேலைக்கான போட்டித் தேர்வு எழுதிவிட்டு வந்து இறங்கினார்.

"எப்படித் தம்பி எழுதினாய்?" என்றேன்.

"தமிழ் பரவாயில்லை சார். கணக்கும் ஓரளவு வந்தது. அந்தப் படம் போட்ட ரீசனிங்தான் ஒன்றுமே விளங்கவில்லை. எனக்கு அதற்கான மூளை இல்லை போலிருக்கிறது" என்றார்.

விளங்கவில்லை என்றதை நான் ஏற்றுக்கொண்டேன். மூளை இல்லை என்றதை ஏற்கவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேலை செய்வோம். கையில் பென்சில் உள்ளவர்கள் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்றாக, ஒன்பது கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் மூன்று வட்டங்கள். அவற்றுள் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டாம் வரிசையில் மூன்று சதுரங்கள். அவற்றுள் இரண்டு, மூன்று, நான்கு புள்ளிகள். மூன்றாம் வரிசையில் இரண்டே முக்கோணங்கள். அவற்றுள் மூன்று, நான்கு புள்ளிகள். ஒவ்வொரு வரிசையிலும் முதற் படத்தின் தலையில் மேல்நோக்கிய ஓர் அம்பு, இரண்டாவதில் வலப்புறம் நோக்கிய அம்பு, மூன்றாவதில் கீழ்நோக்கிய அம்பு. ஒன்பதாவது கட்டம் காலி. அதில் என்ன வரவேண்டும்? விடையை இறுதியில் பார்ப்போம்.

இத்தகைய வினாக்கள் இன்று பல தேர்வுகளில் உள்ளன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 25 வினாக்கள் மனக்கணக்கு நுண்ணறிவுப் பகுதிக்கு உரியவை. காட்சிவழிப் பகுத்தறிதலும் அதில் ஒரு கூறு. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளிலோ படத் தொடர், கண்ணாடிப் பிம்பம், மறைந்த உருவம், மடித்துத் துளையிட்ட காகிதம் எனப் பலவகை வரும். கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் தனியார் நிறுவனங்களும் இதனைக் கையாளுகின்றன.

இது எங்கே பிறந்தது? 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் என்னும் உளவியலாளர் தலைமையில் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுத் தேர்வு நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' என்னும் தாள். எழுத்தறியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாமல் குடியேறியவர்களுக்கும் 'பீட்டா' என்னும் படத் தாள். மொழி குறுக்கே நிற்கக் கூடாது என்பது நல்ல எண்ணந்தான். ஆனால் அப்படங்களைப் பாருங்கள்! டென்னிஸ் ஆடும் இடத்தில் வலை இல்லை. இசைத்தட்டுப் பெட்டியில் ஒலிபரப்பும் குழல் இல்லை. குறைவதை வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸையே காணாத ஓர் இத்தாலியக் குடியானவன் எதை வரைவான்? அத்தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு கார்ல் பிரிகாம் என்பார் 1923-இல் ஒரு நூலெழுதி, சில நாட்டு மக்கள் அறிவிற் குறைந்தவர்கள் என்றார். 1930-இல் அவரே தம் முடிவு தவறென்று எழுதி அதைத் திரும்பப் பெற்றார். அப்படித் திரும்பப் பெறுகிறவர்கள் குறைவு. அவ்வளவிற்கு அவரை மதிக்கலாம்.

பொருள்களின் படமே தொல்லை தருகிறது என்றால், வெறும் கோடும் புள்ளியும் போதாவா? அந்த வழியில் சென்றவர் இங்கிலாந்தின் ஜான் ரேவன். 1938-இல் அவர் வெளியிட்ட தேர்வில் 60 படங்கள். 12 படங்கள் கொண்ட ஐந்து பகுதிகள். ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். கீழே கொடுத்துள்ள துண்டுகளுள் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை இதனைப் பெருமளவில் பயன்படுத்தியது. நம் நாட்டில் அலகாபாத்தைச் சேர்ந்த பாட்டியா என்னும் அறிஞர், எழுத்தறியாதோர்க்கும் பயன்படுமாறு கட்டைகளும் படங்களும் கொண்ட ஒரு செயல் தேர்வுத் தொகுதியை 1955-இல் வெளியிட்டார். பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பெட்டியைத் திறந்து வண்ணக் கட்டைகளை அடுக்கிப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று நான் ஒன்றை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டேன்: சொல் இல்லாத தேர்வு, எல்லார்க்கும் பொதுவான தேர்வு. அதை அப்படியே நம்பியதால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

2011-ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு நடுவணரசின் படிப்புதவித் தொகைத் தேர்வு உண்டு. அதில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 90 வினாக்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்நாளில் மாதம் 500 ரூபாய். நான்காண்டில் 24,000 ரூபாய். காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு அது எத்தகைய தொகை என்று நான் விளக்க வேண்டியதில்லை. பயிற்சி அளிக்கப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவதற்காக, முன்னறிவிப்பின்றி 20 படவினாக்களைக் கொடுத்தேன். ஒரு சிறுமி நான்கே மதிப்பெண் பெற்றாள். அவள் பெயரை அடித்துவிட்டேன்.

மார்கழி மாதம் ஒரு விடியற்காலை அவள் தெருவழியே சென்றேன். வாசலில் அவள் ஒரு சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஊடுபுள்ளி வைத்த பெரிய கோலம். எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "இதை எப்படியம்மா நினைவில் வைத்திருக்கிறாய்?" என்றேன். "எல்லாத்தையும் எதுக்கு சார் நினைப்புல வைக்கணும்? ஒரு மூலையைப் போட்டுட்டா, அதையே திருப்பித் திருப்பி நாலு பக்கமும் போட வேண்டியதுதான்" என்றாள்.

கால் வட்டம் சுழற்றுதல் என்று நான் கரும்பலகையில் எழுதும் விதி அதுவேதான்! அன்றே பள்ளியில் அந்தப் பழைய தாளை அவள்முன் வைத்து, ஏன் இவ்விடைகளைக் குறித்தாய் என்று கேட்டேன். "எது அழகாக இருக்கிறதோ அதைக் குறித்தேன் சார்" என்றாள். விடுபட்ட கட்டத்தை நிரப்புவதுதான் வேலை என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்ன பிறகு மறுபடி எழுதச் செய்தேன், பதினைந்து வந்தது. ஆனால் அவ்வாண்டுக்குரிய விண்ணப்பங்கள் முன்பே போய்விட்டன. எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுதக்கூடிய தேர்வு அது. அவள் செவிலியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சென்றதாகப் பின்னாளில் கேள்வியுற்றேன். அதில் என் உதவி எதுவும் இல்லை.

கோலத்தை இத்துடன் சேர்த்துப் பேசுவது மிகை என்று எண்ணாதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர், கோலங்கள் எவ்விதிகளால் வளர்கின்றன என்பதை 1974-இல் கணிதக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கணிப்பொறி மொழிகளுக்கு உள்ளது போன்ற இலக்கணத்தை அவர்கள் கோலத்திலும் கண்டார்கள்.

ஆக, படத் தேர்விற்கும் ஓர் மொழி உண்டு. இடமிருந்து வலமாக வரிசையைப் படிக்க வேண்டும், மேலிருந்து கீழாக நிரலைப் படிக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு விதி இருக்கும் என்பதெல்லாம் அம்மொழியின் அரிச்சுவடி. அறிந்தவன் விரைவில் படிக்கிறான், அறியாதவன் திகைக்கிறான். ஜேம்ஸ் ஃப்ளின் என்னும் அறிஞர் 1987-இல் பதினான்கு நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்தார். நெதர்லாந்தில் படைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு வயது இளைஞர்கள், ரேவன் வகைத் தேர்வில் 1952-க்கும் 1982-க்கும் இடையே சுமார் 20 புள்ளிகள் உயர்ந்திருந்தார்கள். முப்பதே ஆண்டில் ஒரு நாட்டாரின் பிறவி மூளை மாறிவிடாது. பள்ளிப் படிப்பும் வாழ்க்கை முறையும் மாறியிருந்தன.

அப்படியானால் வேலை தருவோர் ஏன் இதை விடவில்லை எனக் கேட்பீர்கள். பயன் இருக்கிறது, அதனால்தான். பொதுவாக மனத்திறன் தேர்வுகளின் மதிப்பெண்ணுக்கும் பின்னர் பணியில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை 1998-இல் ஆய்வாளர்கள் 0.51 என்று கணித்தார்கள். முழுப் பொருத்தம் என்றால் அது 1, தொடர்பே இல்லை என்றால் 0. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் அக்கணக்கைத் திருத்தி, அது 0.31 அளவே என்றார்கள். பயன் உண்டு, ஆனால் முன்பு எண்ணிய அளவு இல்லை. ஆயிரம் பேருள் நூறு பேரை எடுக்க வேண்டியவர்க்கு அது கைகொடுக்கும். தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒரு தனி இளைஞர் எத்தகையவர் என்பதை அது எழுதித் தந்துவிடாது. புதிய செய்தியில் விதியைத் தேடும் பழக்கத்தை அது ஓரளவு காட்டும். நேர்மையை, பொறுமையை, பிறரோடு இணங்கிப் பணியாற்றும் தன்மையை அது காட்டுவதே இல்லை.

அந்த இளைஞரோடு அதன் பிறகு நான்கு மாலைகள் அமர்ந்தேன். படத்தை முழுமையாகப் பார்த்து மயங்காதே. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் பார் என்றேன். முதலில் உருவம், பிறகு எண்ணிக்கை, பிறகு திசை, பிறகு கறுப்பு வெளுப்பு. விடைகளைப் பார்க்குமுன் விதியைத் தாளின் ஓரத்தில் இரண்டு சொல்லில் எழுதச் சொன்னேன். இரண்டாம் மாலையே அவர் தவறான விடைகள் எப்படி அமைக்கப்படுகின்றன என்பதைத் தாமே கண்டுபிடித்துவிட்டார். வினா அமைப்பவர் எல்லா விதிகளையும் நிறைவேற்றி ஒன்றை மட்டும் மீறிய படங்களையே பக்கத்தில் வைக்கிறார். எனவே ஒரு விதி தெரிந்தாலும் சில விடைகளை நீக்கலாம். நான்கு மாலைகளில் அவர் மேதை ஆகிவிடவில்லை. பத்துக்கு இரண்டு வந்தது, ஆறானது. விரைவுதான் இன்னும் போதவில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

இனி நம் ஒன்பதாவது கட்டம். வரிசைதோறும் உருவம் ஒன்றே, ஆதலின் முக்கோணம். வலப்புறம் செல்லச் செல்ல ஒரு புள்ளி கூடுகிறது. மூன்று, நான்கு, எனவே ஐந்து. அம்பு ஒவ்வொரு கட்டத்திலும் கால் சுற்றுத் திரும்புகிறது. மூன்றாம் நிரலில் கீழ்நோக்கும். ஐந்து புள்ளிகளும் கீழ்நோக்கிய அம்பும் கொண்ட முக்கோணமே விடை. நான்கு புள்ளி போட்டவர்கள், மேல் வரிசைச் சதுரங்களை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.