மருத்துவத் துணைவர் படிப்புக்கு விண்ணப்பிப்போர்க்குச் சில சொற்கள்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயல், இசை, நாடகம் என முத்தமிழும் முழங்கும் மேடையில் விண்ணப்பத் தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுவையற்ற பொருளை எடுத்துக்கொண்டான் என்று கருதாதீர்கள். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் இரவு, வாகட் தத்தமந்திர் சாலையிலுள்ள எங்கள் குடியிருப்பின் லிப்ட் வாயிலில் அன்பர் ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தினார். “சார், பையனுக்கு நீட் தேர்வில் போதிய மதிப்பெண் வரவில்லை. நீங்கள் படித்த படிப்பில் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறோம். நாளை மாலைக்குள் விண்ணப்பம் போக வேண்டும். சற்று வந்து பார்க்கிறீர்களா?” என்றார். போனேன். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஆயினும் அந்த விண்ணப்பம் அவ்வாண்டு போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அந்த இரவுதான் இச்சொற்பொழிவுக்குக் காரணம்.

முதலில், மருத்துவத் துணைவர் என்போர் யார்? ஆங்கிலத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பர். இப்பெயரைக் கேட்டவுடன் நம் பாட்டிமார், “கம்பவுண்டரா?” என்று கேட்பதுண்டு, என் மாமியாரும் பெண் கொடுக்குமுன் அவ்வாறே கேட்டார். கம்பவுண்டர் அல்லர், மருத்துவரும் அல்லர். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, அறுவைக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை முடித்து வைப்பது, அறுவைக்குப் பின் இரவும் பகலும் கண்காணித்து மருத்துவருக்கு உரைப்பது ஆகியன இவர்தம் பணி. இருதய அறுவைப் பிரிவிலே, காலிலிருந்து இரத்தக் குழாயை எடுத்துக் கொடுக்கும் நுண்பணியையும் பல இடங்களில் இவர்களே செய்கிறார்கள். எல்லாம் மருத்துவரின் பொறுப்பிலும் மேற்பார்வையிலும் நடைபெறுவன.

இத்தொழில் பிறந்தது அமெரிக்காவில், டியூக் பல்கலைக் கழகத்தில். யூஜீன் ஸ்டெட் என்னும் பேராசிரியர் 1965-இல், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய நால்வரைக் கொண்டு வகுப்பைத் தொடங்கினார். போர்க்களத்தில் காயங்களைக் கட்டிப் பழகிய கைகள் ஊருக்குத் திரும்பியதும் வேலையற்று வீணாகின்றனவே என்பது அவர் கண்ட உண்மை. 1967-இல் முதல் மாணவர்கள் தேறி வெளிவந்தனர்.

இந்தியாவில் இப்படிப்பு தமிழ் மண்ணிலேதான் முளைத்தது என்பதை இந்த மேடையில் சற்றுப் பெருமையோடு சொல்லலாம். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் அறுவையை வெற்றியுடன் நிகழ்த்திய டாக்டர் கே. எம். செரியன் அவர்கள், 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கி வைத்தார். 2025 ஜனவரியில் அப்பெரியார் மறைந்தார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் பலவற்றில் இது பட்டப் படிப்பாக நடைபெறுகிறது. மொத்தம் நான்காண்டு; அதில் இறுதி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் முற்றிலும் புதிதும் அன்று. முழு மருத்துவப் பட்டம் பெறாது, எல். எம். பி. என்னும் தகுதியோடு சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தவர்களை உங்கள் தாத்தாமார் அறிவர். நாம் வாழும் இந்தப் புனே நகரத்துப் பி. ஜே. மருத்துவக் கல்லூரியும் 1946-இல் கல்லூரியாக உயருமுன் மருத்துவப் பள்ளியாகவே இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதற்கும் ஒரே தரத்து மருத்துவர் போதும் என்றது. பழைய வகையினர் படிப்படியாக மறைந்தனர். அது சரியா, தவறா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை.

நிற்க. விண்ணப்பத்துக்கு வருவோம்.

விண்ணப்பம் எழுதும் வேலை பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தொடங்குவதாகப் பலர் நினைக்கின்றனர். அது பதினோராம் வகுப்பில், பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஹிஞ்சவடிக்குப் பேருந்தில் போய்வரும் நம் தந்தையரில் பெரும்பாலோர் கணிப்பொறித் துறையினர். ஆகையால் பிள்ளைகளும் கணிதத்தை எடுத்து உயிரியலை விட்டுவிடுவது வழக்கமாகி வருகிறது. தமிழ்நாட்டில் இப்படிப்புக்கான தரவரிசை, இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டே வகுக்கப்படுகிறது. உயிரியலைக் கைவிட்டவன் அன்றே இவ்வழியையும் கைவிட்டான். ஐயம் இருப்பவர்கள் நான்கு பாடத்தையும் வைத்துக்கொள்வது நன்று. சுமைதான், ஆயினும் நன்று.

இனி, லிப்ட் வாயிலில் நின்ற அன்பரின் கதை. அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே உண்டு. மராட்டிய நாட்டிலோ பெயர் மூன்று அடுக்கு: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். பையனைப் பள்ளியில் சேர்த்த அன்று எழுத்தர், “ஆட்நாவ் என்ன?” என்று கேட்டிருக்கிறார். மராத்தியில் அதற்குக் குடும்பப் பெயர் என்று பொருள். என்ன சொல்வதென்று அறியாத நம் அன்பர் தம் ஊரின் பெயரைச் சொன்னார். பள்ளிப் பதிவேட்டில் அவ்வூர் பையனுடைய குடும்பப் பெயராயிற்று. ஆதார் அட்டையில் முதலெழுத்து மட்டும். பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர். மதிப்பெண் பட்டியலில் ஊர் முன்னும் பெயர் பின்னும். மூன்று தாள்களில் மூன்று பையன்கள்! அனைவரும் ஒருவனே என்று நமக்குத் தெரியும். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிறப்பிடச் சான்றிதழோ அதுவரை கேட்டு வாங்கவே இல்லை. ஓரிரவில் ஆகக் கூடிய காரியமா அது? அந்த ஆண்டு அப்படியே போயிற்று. அந்தப் பையன் அன்றிரவு ஒரு சொல்லும் பேசவில்லை. மதிப்பெண் பட்டியலை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஓராண்டு கழிந்தும் அந்தக் காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆதலால் பெற்றோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதியுமுன் திருத்திக்கொள்வது எளிது. பிறகு அரசிதழில் அறிவிப்புச் செய்து, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். வெளி மாநிலத்தில் படித்த நம் பிள்ளைகள் சென்னையில் விண்ணப்பிக்கும்போது, தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். வேறு வாரியத்தில் தேறியவர்களுக்குப் பல்கலைக் கழகத்தின் தகுதிச் சான்றும், வாரியத்தின் இடப்பெயர்வுச் சான்றும் வேண்டும். சாதிச் சான்றிதழ் யார் கொடுத்தது செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழுவின் கையேடு வறட்டு நடையில் இருக்கும்; ஆயினும் நாவலைப் படிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். கடந்த ஆண்டுக் கையேட்டை நம்பி இவ்வாண்டு விண்ணப்பிப்பது பெருந்தவறு.

கல்லூரியையும் நாம் சோதிக்க வேண்டும். என் தங்கை மகன் ஒரு விளம்பரத்தைக் கண்டு, ஓராண்டுக் கட்டணத்தைச் செலுத்திச் சேர்ந்தான். எந்தப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தது, எந்த மருத்துவமனையில் பயிற்சி என்ற இரண்டு கேள்விகளை நானும் கேட்கவில்லை. இத்தொழிலில் இருந்துகொண்டே கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பட்டம் தரும் உரிமையே அந்நிலையத்துக்கு இல்லை என்பது எட்டு மாதம் சென்றபின் தெரிந்தது. பணம் திரும்பவில்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலோர் ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆகவே, ஆணையம் வகுக்கும் நெறிக்கு உட்பட்டதா என்ற கேள்வியையும் இனிச் சேர்த்துக் கேளுங்கள். “படித்து முடித்தால் டாக்டர் என்றே போட்டுக்கொள்ளலாம்” என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்முகத் தேர்வும், “ஏன் இப்படிப்பை விரும்புகிறீர்?” என்ற கட்டுரையும் சில தனியார் பல்கலைக் கழகங்களில் உண்டு, அமெரிக்காவில் அவையே உயிர்நாடி. இவ்விடத்தில் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி இரண்டாண்டுகளுக்கு முன் தன் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். “சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற வேட்கை என் உள்ளத்தில் கொழுந்துவிட்டு எரிந்தது” என்று தொடங்கியிருந்தது. நல்ல தமிழ்தான், ஆனால் நூறு பேர் நூறு தாளில் எழுதுவதும் அதுவே. “அம்மா, நீ எப்போதாவது ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுதும் இருந்ததுண்டா?” என்று கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

அவள் பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தபோது மார்பு வலியென்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரவில் இப்பெண்தான் துணை. மராத்தி செவிலி வந்து, “துக்தய் கா?” என்று கேட்டார். வலிக்கிறதா என்பது அதன் பொருள். பாட்டியின் காதில் அது துக்கம் என்று விழுந்தது. “துக்கமெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லையம்மா” என்று தலையை ஆட்டினார். செவிலி, வலி இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பேத்திக்கு ஐயம் தோன்றியது. “பாட்டி, நெஞ்சு வலிக்கிறதா?” என்று தமிழில் கேட்டாள். “அது மாலையிலிருந்து வலித்துக்கொண்டுதானே இருக்கிறது” என்றார் பாட்டி. பெண் ஓடிப்போய்ச் செவிலியிடம் மராத்தியில் சொல்ல, உடனே மருத்துவர் வந்தார், இ. சி. ஜி. எடுத்தார்கள், பாட்டியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

“இதை ஏன் எழுதவில்லை?” என்றேன். “இது வீட்டு விஷயம்தானே, மாமா” என்றாள். அன்பர்களே, நோயாளி சொன்னது வேறு, தாளில் ஏறியது வேறு என்று கண்டுபிடிப்பதே எங்கள் தொழிலில் பாதி. அதை அவள் பதினாறு வயதில் செய்திருக்கிறாள்! கொழுந்துவிட்டு எரிந்த வேட்கையை அடித்துவிட்டு, இந்த இரவை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னேன். தன்னை வீராங்கனையாகக் காட்டாமல், செவிலியையும் குறை கூறாமல் எழுதச் சொன்னேன். முப்பது கட்டில்களுக்கு ஒருவராக நின்ற செவிலியின் மேல் என்ன குறை?

நேர்முகத்தில், “மருத்துவப் படிப்பு கிடைக்காததால் இங்கு வந்தீரா?” என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லவே இல்லை என்று சாதிப்பதைக் காட்டிலும், “ஆம், முதலில் அதையே நாடினேன்; பிறகு இப்பணியை அருகிருந்து பார்த்தேன்; இன்னது என்னைக் கவர்ந்தது” என்பவனை எவரும் தாழ்வாக எண்ணுவதில்லை. ஆனால் அருகிருந்து பார்த்திருக்க வேண்டும். அனுமதி பெற்று நான்கு நாளாவது ஒரு துணைவரின் பின்னால் நடந்து பாருங்கள். பரிந்துரைக் கடிதமும் அத்தகையவரிடமே பெறுக. உங்களைப் பார்த்தே இராத பெரிய மனிதரின் கடிதம் காகிதக் கனம் மட்டுமே உடையது.

அமெரிக்காவுக்கு மாற்றலாகும் குடும்பங்கள் ஒன்றை அறிக. இந்தியப் பட்டத்தைக் கொண்டு அங்கே நேராகத் துணைவராகப் பணியாற்ற முடியாது. அங்கு அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே முதுநிலைப் படிப்பை முடித்தால்தான் தேசியத் தேர்வு எழுதலாம். பெரும்பாலான நிலையங்களுக்கு காஸ்பா என்னும் ஒரே பொது வழியில் விண்ணப்பிக்கிறார்கள். கட்டுரைக்கு 5000 எழுத்துக்குமேல் இடமில்லை. சொற்களுக்கிடையேயுள்ள வெற்றிடமும் அதில் அடக்கம். நோயாளியை நேரில் கவனித்த மணிகள், மருத்துவத் துறையில் வேறு வேலை செய்த மணிகள், உடனிருந்து பார்த்த மணிகள் என்று தனித்தனிக் கணக்குண்டு. ஆகவே இன்றே ஒரு குறிப்பேடு வைத்து, நாள், இடம், செய்த வேலை என்று எழுதி வாருங்கள். பிரிட்டனில் 2024 டிசம்பரிலிருந்து பொது மருத்துவ மன்றம் இவர்களைப் பதிவு செய்கிறது. பெயரைப் பற்றியே அங்கு பெரும் வழக்கு நடந்து, 2025-இல் வந்த ஓர் ஆய்வறிக்கை, இணையர் என்ற பெயரை விட்டு உதவியாளர் என்றே அழைக்கச் சொன்னது.

மணி அடிக்கிறார் செயலாளர். அடுத்துக் குழந்தைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது. லிப்ட் வாயிலில் நின்ற அன்பரின் மகன் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். பெயர் இப்போது எல்லாத் தாளிலும் ஒன்றே. முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க நூலக அறையில் இருப்பேன். வருகிறவர்கள் மதிப்பெண் பட்டியலோடு ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மறவாமல் கொண்டு வாருங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.