நிற்பதற்கு ஒரு சட்டம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் "நிற்கும் சட்டம்" என்பதாகும். சட்டம் என்றவுடன் சட்டமன்றத்தில் இயற்றப்படும் சட்டத்தை யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் சட்டம், படச் சட்டம் என்று சொல்லுகிறோமே, அவ்வகையைச் சேர்ந்தது இது. தம் கால் வலிமையால் நிற்க இயலாதவரை நிமிர்த்திப் பாதங்களை ஊன்றச் செய்து, மெத்தைகளாலும் பட்டைகளாலும் தாங்கி நிறுத்தும், மரத்தாலோ இரும்பாலோ ஆகிய கருவியே இது.

இது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அன்று தொட்டுக் கிணறுகள், சாலைகள், பள்ளிக் கட்டிடங்கள் எனப் பலவற்றைக் கிராமங்கள் பெற்றன. ஆயினும், திண்ணையிலும் பாயிலும் படுத்தபடியே அச்சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அதே கிராமத்தின் மக்களே அல்லவா? அவர்களுக்கும் வளர்ச்சியில் பங்கு உண்டு என்பதே என் பேச்சின் அடிப்படை.

யாருக்கு வேண்டும்?

பிறக்கும்போதோ அதையொட்டியோ மூளை பாதிக்கப்பட்டு மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகள், தசைச் சிதைவு நோய் கண்ட சிறுவர், பக்கவாதத்தால் நிற்கும் ஆற்றலை இழந்தவர், முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டோர் ஆகியோருக்கு இச்சட்டம் பயன்படுகிறது. தண்டுவடப் பாதிப்பு நகரத்துச் சாலை விபத்துகளால் மட்டும் வருவதன்று. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்தவர், கிணறு வெட்டும்போது தவறியவர், தலைச்சுமையோடு சறுக்கியவர் என உழவுத் தொழிலின் வழியே அதற்கு ஆளானோர் பலர். ஆகவே, இது நம் தொழிலோடு ஒட்டிய விஷயமும் ஆகும்.

நடக்கவே முடியாதவரை எதற்காக நிற்க வைக்க வேண்டும் என்று வினவுவோர் உண்டு. மனித உடல், நிற்பதற்கென அமைந்தது. உடலின் பாரம் கால் எலும்புகளின் மேல் இறங்கினால்தான் அவ்வெலும்புகள் உறுதி பெறும். பாரம் தாங்காத எலும்பு நாளடைவில் மெலிந்து, சிறு அசைவிலேயே முறியும். எந்நேரமும் மடங்கியே இருக்கும் இடுப்பும் முழங்காலும் அப்படியே இறுகிப் பின்பு நீட்ட முடியாமற் போகும். இடைவிடாது உட்கார்ந்தும் படுத்தும் இருப்பவருக்குப் பிட்டத்திலும் முதுகிலும் புண் உண்டாகும். நிற்கும்போது பிட்டத்தின் அழுத்தம் நீங்குகிறது. மலச்சிக்கல் குறைவதாகவும் பலர் கூறுகின்றனர். இவற்றிற்கெல்லாம் மேலாக, எப்போதும் பிறர் முகத்தை அண்ணாந்தே பார்த்த குழந்தை, தன் வயதினரின் கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேசுகிறது. இதை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது.

அதே சமயம், ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூறிவிட வேண்டும். நிற்கும் சட்டம் நடையைத் தருவதன்று. "இதில் நிறுத்தினால் ஆறே மாதத்தில் நடந்துவிடுவான்" என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். அவ்வாறு நம்பிய பெற்றோர், ஆறு மாதம் கழிந்ததும் மனம் வெறுத்துச் சட்டத்தை மூலையில் சாய்த்துவிடுகின்றனர். நம் வட்டாரத்தில் வீடுகளுக்குச் செல்லும்போது, துணி உலர்த்தவும் வைக்கோற்பிரி மாட்டவும் பயன்படும் சட்டங்களைக் கண்டிருக்கிறேன். குலை தள்ளிய வாழைக்கு நாம் முட்டுக் கொடுக்கிறோம். முட்டுக்கழி குலை தள்ளுவதில்லை. ஆயினும் அது இல்லாவிடில் காற்றில் மரம் சாய்ந்துவிடும். இச்சட்டமும் அத்தகையதே.

முதலில் கேட்க வேண்டியவை

மருத்துவரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் கலந்துகொள்ளாமல் ஒருவரையும் சட்டத்தில் நிறுத்தலாகாது. ஆறாத எலும்பு முறிவு உள்ளவர், எலும்பு மிகவும் மெலிந்தவர், இடுப்பு மூட்டு நழுவி வலி உள்ளவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், எழுந்தால் இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்பவர், சட்டம் அழுத்தும் இடத்தில் புண் உள்ளவர் ஆகியோர் மருத்துவரின் அனுமதி பெறும்வரை காத்திருத்தல் வேண்டும். மடங்கி இறுகிவிட்ட முழங்காலைப் பட்டையால் இழுத்துக் கட்டி நேராக்க முயல்வது பெருந்தீங்கு, எலும்பே முறிந்துவிடக்கூடும்.

சட்டங்களிலும் வகைகள் உண்டு. தலையை நிமிர்த்திப் பிடிக்கக்கூடிய குழந்தைக்கு முன்புறம் சாய்ந்து நிற்கும் சட்டம் பொருந்தலாம். தலை நில்லாத குழந்தைக்குப் பின்புறம் சாய்ந்து, படுக்கையிலிருந்து சிறிது சிறிதாக நிமிர்த்தப்படும் சட்டம் வேண்டும். பெரியவர்களுக்கு, உட்கார்ந்த நிலையிலிருந்து கைநெம்புகோலால் உயர்த்தும் சட்டங்களும் உள்ளன. இவற்றில் எது ஏற்றது என்பதைச் சிகிச்சையாளரே முடிவு செய்ய வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தியது நம் குழந்தைக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

அமைக்கும் முறை

முதலாவது, இடம். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் அவசியம். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டால் ஐயமில்லை. ஈரத் தரை, சரிவான வாசல், அடுப்பங்கரை, கன்றும் நாயும் ஓடும் தொழுவத்து ஓரம் ஆகியவை உதவா. கோடையில் வெயிலில் கிடந்த இரும்புச் சட்டம் தோலைச் சுட்டுவிடும். உணர்ச்சியற்ற கால்களை உடையவருக்குச் சுடுவதே தெரியாது.

இரண்டாவது, கருவி. ஒவ்வொரு முறையும் திருகாணிகளை ஆட்டிப் பார்த்து இறுக்குக. பட்டைகளில் கிழிசல் உண்டா, மரத்தில் வெடிப்பும் சிராய்ப்பும் உண்டா, வெளியே நீட்டிய ஆணி உண்டா என்று தடவிப் பார்க்க. சக்கரம் உள்ள சட்டமாயின் எல்லாச் சக்கரங்களுக்கும் தடையைப் போட்ட பின்னரே ஆளை ஏற்றுக.

மூன்றாவது, அளவு. குதிகாலிலிருந்து முழங்கால் வரை, இடுப்பு வரை, அக்குள் வரை, முழங்கை வரை உள்ள உயரங்களையும் இடுப்பின் அகலத்தையும் சிகிச்சையாளர் அளந்து எழுதிக்கொடுப்பார். பாதம் முழுவதும், குறிப்பாகக் குதிகால், பலகையில் படிய வேண்டும். காலணி அணிந்து நிற்பது நலம். முழங்கால் மெத்தை முழங்காற்சில்லை நேராக அழுத்தலாகாது. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல், பிட்டத்தைத் தாங்கும்படி இருத்தல் வேண்டும். மார்புப் பட்டை அக்குளை அறுக்காமலும் மூச்சை நெருக்காமலும் இருக்க வேண்டும். முன்னால் உள்ள தட்டு முழங்கை மட்டத்தில் அமைய வேண்டும். கால்களை எவ்வளவு அகட்டி வைப்பது என்பதையும் சிகிச்சையாளரிடமே கேட்டுக்கொள்க. நடக்க இயலாத குழந்தைகளின் இடுப்பு மூட்டு நழுவாதிருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நிறுத்தும் முறை

உணவு உண்டவுடன் நிறுத்தலாகாது. ஒரு மணி நேரமாவது கழியட்டும். சிறுநீர் கழிக்கச் செய்க. சிறுநீர்க் குழாய் உள்ளவருக்குக் குழாய் மடங்காமலும், பை சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழாகவும் இருக்கிறதா என்று காண்க. செய்யப்போவதை அவரிடம் சொல்லிவிட்டே தொடங்குக. அவர் மூட்டை அல்லர், மனிதர். பெரிய பிள்ளையாயினும் பெரியவராயினும் தூக்குவதற்கு இருவர் வேண்டும். இக்காரியத்தைத் தாய் ஒருத்தியின் முதுகின்மேலேயே சுமத்திவிட்டு, பின்னர் அவளும் இடுப்பு வலியோடு படுத்துக்கொள்ளும் வீடுகள் எத்தனை! ஆடவர் இதில் கை கொடுத்தல் கடமை.

பாதம், முழங்கால், இடுப்பு, மார்பு என்ற வரிசையிலே பட்டைகளைக் கட்டுக. இறக்கும்போது பின்புறம் நாற்காலியை வைத்து, ஒருவர் ஆளை இறுகப் பிடித்துக்கொண்ட பின்னரே மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் அவிழ்க்க வேண்டும். விழுந்து அடிபடக்கூடிய வேளை இதுவே.

முதல் நாளில் 5 முதல் 10 நிமிடம் போதுமானது. நாளடைவில் சிறுகச் சிறுகக் கூட்டுக. குழந்தைகளின் எலும்பு உறுதிக்கு வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 60 முதல் 90 நிமிடம் என்பது 2013-ஆம் ஆண்டில் நிபுணர்கள் ஆய்வுகளைத் தொகுத்துக் கூறிய அளவாகும். உங்கள் பிள்ளைக்கு உரிய அளவைச் சிகிச்சையாளர் கூறுவார். நிற்கும் நேரம் தண்டனை நேரமாகிவிடலாகாது. தட்டின்மேல் பாடப் புத்தகம், விளையாட்டுப் பொருள், உரிக்க வேண்டிய வேர்க்கடலை என ஏதேனும் ஒரு வேலை கொடுங்கள். ஆனால் ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

இரண்டு அபாயங்கள்

முகம் வெளுத்து, வியர்த்து, கண் இருண்டு, தலை சுற்றுமாயின் இரத்த அழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று பொருள். உடனே இறக்கி, படுக்கவைத்து, கால்களை உயர்த்தி வைக்க வேண்டும்.

மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடத்தில் அடிபட்டவருக்குத் திடீரென மண்டை இடிக்கும் தலைவலி, முகச் சிவப்பு, மேலுடம்பில் வியர்வை ஆகியவை தோன்றினால், இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறுகிறது என்று அறிக. அவரைப் படுக்கவைத்தல் கூடாது. சட்டத்திலிருந்து இறக்கி, நிமிர்ந்து உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிட்டு, பட்டைகளையும் இறுக்கமான ஆடைகளையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். மடங்கியிருந்தால் நேராக்குங்கள். காலதாமதமின்றி 108 வண்டியை அழையுங்கள். முதலாவதற்குப் படுக்கவைத்தல், இரண்டாவதற்கு உட்காரவைத்தல். இவ்வேற்றுமையை வீட்டார் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கிய பின், பட்டை பட்ட இடங்களைப் பார்க்க. சிவப்பு அரை மணி நேரத்திற்குள் மறையாவிடில், அளவு சரிசெய்யப்படும் வரை சட்டத்தை உபயோகிக்கலாகாது. வளரும் குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவை மாற்ற வேண்டும். சென்ற ஆண்டின் சட்டை இவ்வாண்டு பொருந்தாததுபோலவே இதுவும்.

ஊர்த் தச்சரைக் கொண்டே மரச்சட்டம் செய்யலாம். அளவு சிகிச்சையாளருடையதாக இருக்கட்டும். கைத்திறன் நம்முடையதாக இருக்கட்டும். அடிப்பலகை அகலமாக இருந்தால்தான் சாயாது. விளிம்புகளை இழைத்து உப்புத்தாளிட்டு, பஞ்சு வைத்து ரெக்சின் போர்த்துக. பட்டைகளைத் தையற்காரர் தைத்துத் தருவார். முதல் உபயோகம் சிகிச்சையாளரின் முன்னிலையில் நடைபெற வேண்டும்.

ஊராட்சியின் கடமை

மத்திய அரசு 1981 முதல் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகலாம். அடையாள அட்டையும் வருமானச் சான்றும் ஆயத்தமாக இருக்கட்டும். 2021-இல் நம் மாநிலத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் வகை செய்யப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களில் 5 விழுக்காட்டை இவர்களுக்கு ஒதுக்கக் கூறுகிறது. 2025-இல் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் திருத்தம் நிறைவேற்றியது. ஆக, நிற்பதற்கு இரண்டு சட்டங்கள் உள்ளன: ஒன்று மரத்தால் ஆயது, மற்றொன்று எழுத்தால் ஆயது. இரண்டையும் மூலையில் சாய்த்து வைத்தால் பயனில்லை.

நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்படக் காரணமானார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தம் சொந்த ஊராகிய ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது இன்று கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. இவர்களுக்குக் கிடைத்த தாங்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆகவே நான் வேண்டுவன மூன்று. உங்கள் ஊரில் நிற்க இயலாதோர் எத்தனை பேர், அவர்களுள் சட்டம் பெற்றவர் யார், பெற்றும் உபயோகியாதவர் யார் என்று வார்டு வாரியாகப் பட்டியல் எடுத்து அடுத்த கிராம சபையில் வையுங்கள். குழந்தை வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கும் சட்டங்களைச் செப்பனிட்டு, சிகிச்சையாளர் ஒப்பிய பிறகு, தேவையுள்ள வேறு வீட்டிற்குக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாயோடு மற்றும் ஒருவர் தூக்கவும் இறக்கவும் பழகிக்கொள்ளச் செய்யுங்கள். பட்டியல் வந்து சேர்ந்தால், சிகிச்சையாளரை உங்கள் ஊருக்கு அழைத்துவரும் ஏற்பாட்டை ஒன்றிய அலுவலகம் மேற்கொள்ளும் என்பதைத் தெரிவித்து, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.