கருவிலிருக்கும் பிள்ளைக்கும் ஒரு ஹக் உண்டு

(குன்னூரில் நமது டிரஸ்ட் நடத்திய தாய்-சேய் நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைய தலைப்பை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு நம்மிடம் சிலர் கேட்டார்கள்: "கர்ப்ப காலத்தில் மது அருந்துவதைப் பற்றி நம் கூட்டத்தில் எதற்குப் பேச வேண்டும்? நம் பெண்கள் யார் குடிக்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான். மது ஹராம் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மது அருந்தும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ஆண்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் அருந்துகிறார். ஆகவே கடைக்குப் போய் வாங்கிக் குடிக்கும் பெண்ணைப் பற்றி இன்று நாம் பேசப்போவதில்லை. மது என்ற பெயரைச் சொல்லாமலே நம் வீடுகளுக்குள் வருகிற மதுவைப் பற்றிப் பேசப் போகிறோம். அது மூன்று வாசல்கள் வழியாக வருகிறது. முதல் வாசல், குளிருக்கு மருந்து என்று தரப்படும் பிராந்தி. இரண்டாவது, அரிஷ்டம், டானிக் என்று வரும் மருந்துக் குப்பி. மூன்றாவது, குடிக்கிற கணவன்.

அதற்கு முன் மது கருவில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தாய் அருந்திய மது சில நிமிடங்களில் அவள் இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. தாயின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு பிள்ளையின் இரத்தத்திலும் சேர்கிறது. தாய்க்கு முதிர்ந்த ஈரல் இருக்கிறது, அது மதுவை முறித்துவிடும். பிள்ளையின் ஈரல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்தச் சக்தி இல்லை. வெளியேறும் மதுவும் பனிக்குட நீரில் கலந்து, பிள்ளை அதையே மறுபடி விழுங்குகிறது. தாய்க்குத் தெளிந்துவிட்ட பிறகும் பிள்ளை அதற்குள்ளேயே கிடக்கிறது.

இதனால் கருச்சிதைவு, பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாவது, குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு ஆகியவை நேரலாம். பிறக்கும் பிள்ளையின் வளர்ச்சி குன்றலாம். கண்கள் சிறுத்து, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே இருக்கும் பள்ளம் மறைந்து, மேலுதடு மெலிந்திருக்கலாம். இதயத்தில் குறை இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் மூளைக்கு. மற்ற உறுப்புகள் சில வாரங்களில் உருவாகிவிடும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே எந்த மாதமும் பயமில்லாத மாதம் என்று சொல்ல முடியாது.

இதை உலகம் அறிந்துகொண்டதே வெகு சமீபத்தில்தான். 1968இல் பிரான்ஸ் நாட்டில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். அன்று பலரும் அதைக் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் இதே குறைகளைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று லேசான பாதிப்பு முதல் கடுமையான பாதிப்பு வரை அனைத்தையும் சேர்த்து 'கருநிலை மதுப் பாதிப்பு' என்று சொல்லலாம். முழு அளவில் பாதிக்கப்பட்டு ஆண்டுக்குச் சுமார் 1,19,000 குழந்தைகள் உலகில் பிறப்பதாக 2017இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் வாழும் நாம் தென்னாப்பிரிக்காவின் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கேப் பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. கூலியின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் திராட்சை மதுவாகவே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். சட்டம் அதைத் தடைசெய்த பிறகும் குடி அந்த மக்களை விட்டுப் போகவில்லை. அந்த ஊர்களில் சிலவற்றில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது பத்தில் ஒருவருக்கும் மேல் இந்தப் பாதிப்பு இருந்தது. உலகிலேயே மிக அதிகமான அளவு அது. ஒரு தலைமுறை ஆண்களின், பெண்களின் கையில் ஊற்றப்பட்ட மதுவுக்கு, இன்னும் பிறக்காத பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

இனி நம் வாசல்களுக்கு வருவோம்.

முதல் வாசல், குளிருக்குத் தரும் பிராந்தி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர் நம்முடையது. சளி, இருமல், உடம்பு நடுக்கம் என்றால் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் பிராந்தி என்பது மலையில் பழைய கைவைத்தியம். ஒரு துளி மதுவும் தொடாத குடும்பங்களில்கூட, "மருந்துக்குத்தானே" என்று இது நுழைந்திருக்கிறது. பிராந்தி உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. அதனால் மேலே கதகதப்பாகத் தெரியும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறி உடம்பு இன்னும் குளிர்ந்துபோகும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிரென்றால் ஸ்வெட்டரும் கம்பளியும் வெந்நீர்ப் பையும் சூடான பாலும் கஞ்சியும் போதும். சளியும் காய்ச்சலும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பச்சைக் குழந்தையின் நாவில் ஒரு சொட்டு தடவும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

"பீர் லேசானதுதானே" என்றும் சிலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுப் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் ஏறக்குறைய 13 மில்லி வரும். 8 சதவீதம் உள்ள ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி வரும். அதாவது ஒரு பீர் பாட்டில், நாலு முறை ஊற்றிய பிராந்திக்குச் சமம். எந்தப் பெயரில் வந்தாலும் பிள்ளைக்குப் போய்ச் சேரும் பொருள் ஒன்றுதான்.

இரண்டாவது வாசல், மருந்துக் குப்பி. நம் பகுதியில், முக்கியமாகக் கூடலூர், பந்தலூர் பக்கம், பிரசவித்த தாய்க்கு நாற்பது நாளும் தசமூலாரிஷ்டம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அரிஷ்டம், ஆசவம் என்பவை புளிக்கவைத்துச் செய்யும் மருந்துகள். அதிலேயே ஆல்கஹால் தானாக உண்டாகிறது. குப்பியின் லேபிளைப் படித்தால் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை என்று சிறிய எழுத்தில் இருக்கும். 30 மில்லி குடித்தால் 3 மில்லி வரை ஆல்கஹால் உள்ளே போகும். பிராந்தியோடு ஒப்பிட்டால் இது குறைவு. அதைப் பெரிதாக்கிப் பயமுறுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவும் இதுவரை நிறுவப்படவில்லை. தாய்ப்பாலிலும் மது கலக்கும். ஆகவே கர்ப்பிணிக்குப் பசி எடுக்க, சோர்வு தீர என்று யாரும் சொந்தமாக அரிஷ்டம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் தருவதாக இருந்தாலும், பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமும், பிரசவம் பார்த்த டாக்டரிடமும் கேட்ட பிறகே தர வேண்டும். மது சேராத லேகியம், சூரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருமல் மருந்து, டானிக் எதுவானாலும் லேபிளைப் படியுங்கள். மருந்தில் கலந்த ஆல்கஹாலைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை நம் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலம் சார்ந்த பக்கத்தை மட்டும் நாம் இங்கே சொல்கிறோம்.

மூன்றாவது வாசலைப் பற்றிப் பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசியாக வேண்டும். குடிக்கும் ஆண்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். தெரியாதது போல் இருந்துவிட்டால் இல்லாமல் போய்விடாது. கணவன் குடித்தால் மனைவியின் தட்டில் முட்டையும் கீரையும் பழமும் குறைகிறது. இரத்தசோகை கூடுகிறது. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் பஸ் காசு இல்லாமல் போகிறது. அடி வயிற்றில் விழும் ஒரு உதையில் இரண்டு உயிர் போகலாம். "ஒரு வாய் குடி, தூக்கம் வரும்" என்று மனைவிக்கு ஊற்றிக் கொடுத்தவர்களையும் இந்த மலையில் கேள்விப்பட்டிருக்கிறோம்.

நம் மாவட்டத்தில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு. காலி பாட்டில் காட்டில் செய்யும் காயத்துக்கு வழி கண்டாயிற்று. நிறைந்த பாட்டில் வீட்டில் செய்யும் காயத்துக்கு வழி காண்பது நம் பொறுப்பு. அமெரிக்காவில் 1989 முதல் மதுபாட்டில்களில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. பிரான்சில் 2007 முதல் கர்ப்பிணி உருவத்தின் மேல் கோடு போட்ட சின்னம் அச்சிடப்படுகிறது. நம் நாட்டு பாட்டிலில் மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்றுதான் கட்டாய எச்சரிக்கை இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. பாட்டில் சொல்லாததை மிம்பரும் நம் கூட்டங்களும் சொல்லட்டும்.

சகோதரர்களே, கருவில் இருக்கும் பிள்ளையை நம் மார்க்கம் எப்படி மதிக்கிறது என்று பாருங்கள். ஃபர்ளான ரமளான் நோன்பையே, பிள்ளைக்குக் கேடு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணி பிற்பாடு நோற்றுக்கொள்ளச் சலுகை இருக்கிறது. தகப்பன் மௌத்தாகிவிட்டால், சொத்தைப் பிரிக்கும்போது வயிற்றில் இருக்கும் வாரிசுக்கும் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது நம் வாரிசுரிமைச் சட்டம். இன்னும் முகம் பார்க்காத பிள்ளைக்குச் சொத்தில் ஹக் இருக்கிறது என்றால், அதன் மூளைக்கும் இதயத்துக்கும் ஹக் இல்லையா? மது தடைசெய்யப்பட்ட செய்தி வந்த அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டது. மருந்துக்கென்று ஒரு குடம் எடுத்து வைப்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மருமகள் நம் மகளிர் பிரிவில் அழுதுகொண்டே கேட்டாள். மூன்றாம் மாதத்தில் இருமலுக்காக வீட்டுப் பெரியவர்கள் இரண்டு நாள் பிராந்தி கொடுத்துவிட்டார்கள். "பிள்ளைக்கு என்ன ஆகும், நான் குற்றவாளியா?" என்பது அவள் கேள்வி. அவளைப் போல் இங்கே யாராவது இருந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, மது பட்ட எல்லாப் பிள்ளையும் பாதிக்கப்படுவதில்லை. இரண்டு, எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான். மூன்று, நர்ஸிடமும் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். முஸ்லிம் பெண் இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு மறைத்தால், நஷ்டம் பிள்ளைக்குத்தான். அந்த மருமகளை மாமியாரே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அல்ஹம்துலில்லாஹ், அதுதான் நம் வீடுகளுக்கு அழகு.

நாம் செய்ய வேண்டியவை இவை. மாதவிலக்கு தள்ளிப்போனதும் பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அந்த எண் வேண்டும். குன்னூர் லாலி ஆஸ்பத்திரியோ ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, அருகில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். குடியை விட விரும்பும் சகோதரர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். மனச்சோர்வுக்கு 14416. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், டாக்டர் துணையோடு நிறுத்த வேண்டும். வீட்டில் அடி உதை என்றால் சகோதரிகள் 181ஐ அழைக்கலாம். தனியாக ஆஸ்பத்திரி போகத் தயங்கும் பெண்கள் நம் அலுவலகத்தில் சொன்னால், மகளிர் பிரிவிலிருந்து ஒருவர் கூட வருவார். விஷயம் வெளியே போகாது.

இன்னொன்று. வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராத, நேற்றுச் சொன்னதை இன்று மறக்கிற பிள்ளைகள் நம் மதரஸாவிலும் எஸ்டேட் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். காரணம் பலவாக இருக்கலாம். முகத்தைப் பார்த்து, "இவன் உம்மா குடித்திருப்பாள்" என்று யாரும் நாவைப் பாழாக்கிக்கொள்ள வேண்டாம். சோம்பேறி என்று பிரம்பையும் எடுக்க வேண்டாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். இந்தப் பாதிப்பை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் சிறு வயதிலேயே கண்டுகொண்டு, பொறுமையாகப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை நன்றாக முன்னேறும். நம் லைனில், நம் தெருவில் வசிக்கும் பிற சமுதாயச் சகோதரிகளிடமும் இந்தச் செய்தியைக் கொண்டுபோங்கள். தேயிலைக் கூடையைச் சுமக்கும் தாயின் வயிற்றில் இருப்பதும் அல்லாஹ்வின் படைப்புத்தான்.

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களுக்கு ஆஃபியத்தையும், நம் பிள்ளைகளுக்கு நல்ல அறிவையும், குடியில் சிக்கிய சகோதரர்களுக்கு மீளும் மன உறுதியையும் தருவானாக. ஆமீன்.