ஆளை உருவாக்குபவரே தலைவர்

(திருச்சபைத் தொண்டர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருச்சபைத் தொண்டில் தலைமை என்பது யாது என்று பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். பிறருக்கு அறிவுரை கூறுமுன் எமது குறையொன்றை ஒப்புக்கொள்வதே முறையாகும்.

கிராமச் சபையொன்றின் பொறுப்பைப் பல்லாண்டுகள் நாம் சுமந்து வந்தோம். பிரசங்கம் செய்தவரும் நாமே, கணக்கெழுதியவரும் நாமே, ஓய்வுநாட் பாடசாலையை நடத்தியவரும், கோவிற் கிணற்றுக்குக் கயிறு வாங்கியவரும் நாமே. "ஐயா இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது" என்று ஊரார் கூறியபோது உள்ளம் பூரித்தோம். பின்பு ஒருமுறை நோயுற்று மூன்று கிழமை படுக்கையிற் கிடந்தோம். மூன்று ஞாயிறும் கோவிற் கதவு பூட்டியே கிடந்தது. செபம் நடத்தத் தகுந்தோர் சபையில் இருந்தனர். நடத்தலாம் என்ற துணிவை நாம் எவருக்கும் கொடுத்திருக்கவில்லை. ஊரார் கூற்று எம்மீது சாட்டிய குற்றமே என்பது அன்றுதான் விளங்கிற்று.

இக்குறை புதியதன்று. காலைமுதல் மாலைவரை சனங்களின் வழக்குகளைத் தனியே தீர்த்துக் களைத்த மோசேயை அவருடைய மாமனார் எத்திரோ கண்டித்த வரலாறு யாத்திராகமத்தில் உண்டு. ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்துமாறு அவர் புத்தி கூறினார். மோசேயின் பெருமை அப்புத்தியைக் கேட்டு நடந்தமையிலும் உண்டன்றோ?

நமது மண்ணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு அவர் நின்றிருந்தாலும் நன்மையே. ஆனால், ஒரு வைத்தியரின் இரு கைகள் ஒரு நாட்டுக்குப் போதா என்பதை அவர் கண்டார். நம்மவரை வைத்தியராக்கப் புகுந்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். அவ்வாறு கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் தோட்டங்களையும் நாடிச் செல்ல, கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. இதனைக் கண்ட கிறீன் மாணவரைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை. தம் முறையையே மாற்றினார். 1864இல் தமிழ்மொழியில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

இதற்கு அவர் கொடுத்த விலை யாது? கற்றுத் தேர்ந்த வைத்தியர் மீண்டும் மாணவராகித் தமிழ் பயின்றார். தம் மாணவரையே துணைக்கொண்டு, இரண வைத்தியத்தை 1867இலும், மனுஷ அங்காதிபாதத்தை 1872இலும் தமிழில் வெளியிட்டார். அவர் முயற்சியால் 4,000க்கு மேற்பட்ட பக்கங்களில் மேனாட்டு வைத்தியம் தமிழுக்கு வந்தது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. தலைவர் வளர்ந்தார், அதனால் மற்றவரும் வளர்ந்தனர். அவர் கப்பலேறியபோது தொழில் அவரோடு கப்பலேறவில்லை.

அன்பர்களே, நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, கிழமைதோறும் சில மணி நேரத்தையேனும் நம் சொந்தக் கல்விக்கென ஒதுக்குவோம். வற்றிய கிணற்றிலிருந்து எவரும் இறைக்க முடியாது. இரண்டாவது, நாம் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் இன்னொருவரைப் பழக்குவோம். கணக்கை உத்தியோகத்தர் எழுதட்டும்; அறுவடைப் பெருநாளைக் கமக்காரர் முன்னின்று நடத்தட்டும்; வாசகத்தை ஒரு பெண்பிள்ளை வாசிக்கட்டும். முதல்நாளில் தவறுவர், தவறட்டும். நாமும் தவறியே பழகினோம். மூன்றாவது, பதவிக்கு ஒரு கால எல்லை வகுத்து, அந்நாள் வந்ததும் மனமுவந்து விலகுவோம். இம்மூன்றிலும் இதுவே கடினமானது. எமக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

துலா மிதித்து இறைத்த காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். ஒருவர் துலாவில் ஏறி நடப்பார். ஒருவர் பட்டை பிடித்து ஊற்றுவார். ஒருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். துலா மிதிப்பவர் உயரத்தில் நிற்கிறார் என்பதால் அவரே தோட்டத்தை விளைவித்தவர் என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார். மிதிப்பவர் களைத்தால் பட்டை பிடித்தவர் துலாவில் ஏறுவார், இறைப்பு நில்லாது.

நம் சபைகளில் இன்று துலாவில் நிற்போர் ஒவ்வொருவரும் தம்மையே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாம் இறங்கினால் ஏறுவதற்கு ஆள் இருக்கிறாரா? இல்லையெனில், இந்த ஞாயிறே ஒருவரை அழையுங்கள்.