தாம்பூலம் வாங்குமுன்: கலைக்குழுக்களை நடத்தும் முறை
(வெள்ளி விழா இரண்டாம் நாள் மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

கலையின் பெருமையைப் பற்றிப் பேச இம்மேடையில் என்னினும் வல்லவர்கள் வீற்றிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. ஒரு கலைக்குழுவை எவ்வாறு நடத்துவது, அழைப்பை எவ்வாறு ஏற்பது, வந்த பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதே அது. சுவையற்ற பொருள் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் நம் மக்களின் கையில் கலை இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்ததில்லை. அந்தக் கலைக்கு உரிய கணக்குத்தான் எக்காலத்தும் பிறர் கையில் இருந்தது.

பறையைக் குறித்து நம் ஊர்களில் இன்று இரு கருத்துகள் நிலவுகின்றன. பறையை இனித் தொடமாட்டோம் என்று ஊர்க்கூட்டம் கூட்டி உறுதி எடுத்த பெரியவர்கள் ஒருபுறம். அந்த உறுதிக்காக அவர்கள் வசை கேட்டார்கள், ஊர்விலக்கைத் தாங்கினார்கள், சில இடங்களில் அடியும் பட்டார்கள். மறுபுறம், சலங்கை கட்டிக்கொண்டு, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் ஏந்தி, இது எங்கள் இசை என்று மேடை ஏறும் இளைஞர்கள். மகன் பறை எடுத்தான் என்பதற்காகத் தந்தை பேசாதிருக்கும் வீடுகளும் உண்டு. நான் இருவரில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. தந்தை துறந்தது தோற்கருவியை அன்று. கூப்பிட்ட குரலுக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை. சாவு வீட்டில் இரவு முழுதும் அடிக்க வேண்டும். கூலி இவ்வளவு என்று பேச இயலாது. கொடுத்த நெல்லையும் மிஞ்சிய சோற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வரமாட்டேன் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே, மகன் எடுக்கும் பறை தந்தை துறந்த பறையினின்றும் வேறுபட்டது என்று காட்ட வேண்டுமானால், அந்த வேறுபாடு தாளத்தில் இருந்து பயனில்லை. அழைப்பை ஏற்கும் முறையில் இருக்க வேண்டும்.

சட்டமும் இதில் நம் பக்கமே நிற்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலின மக்களைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பிணத்தைச் சுமக்கச் செய்வதையும் குழி தோண்டச் செய்வதையும் தனித்தே பெயர் சொல்லிச் சேர்த்தது. ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையே ஒரு கலைக்குழுவின் முதல் மூலதனம்.

நமக்கு ஒரு பாடமாக மராட்டிய நாட்டின் தமாஷாக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். பாடலும் ஆடலும் நகைச்சுவையும் கதையும் கலந்த அந்தக் கலையைப் பெரும்பாலும் மகர், மாங், கோல்ஹாட்டி முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரே வளர்த்தார்கள். தசராவில் தொடங்கிப் புத்த பூர்ணிமை வரையில் அவர்களுடைய பருவம். புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் நாராயண்காவ் என்ற ஊர் இருக்கிறது. மராட்டியப் புத்தாண்டாகிய குடிபாட்வாவை ஒட்டிக் குழுக்காரர்கள் அங்கே வரிசையாகக் கூடாரம் அடித்து அமர்வார்கள். சுற்று மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக் குழுவினர் அங்கே வந்து, ஒவ்வொரு கூடாரமாக ஏறி இறங்கி, நாள் குறித்து, தொகை பேசி, முன்பணம் கொடுத்துச் செல்வார்கள். கலைஞன் ஊர் ஊராக அலைந்து கேட்பதற்குப் பதிலாக, ஊர் கலைஞனிடம் வந்து கேட்கும் ஏற்பாடு இது. நம்மிடத்தில் இத்தகைய சந்தை ஒன்று இல்லையே என்று நான் ஏங்கியதுண்டு.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது அறுபது பேரைக் கொண்ட பெரிய குழு ஒன்று லாரிகள், கூடாரம், மின்விளக்கு, ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றையும் பருவம் தொடங்குமுன்னே திரட்டியாக வேண்டும். அதற்குக் குழுத் தலைவர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். ஆடுபவர்களும் மழைக்காலத்தில் உண்ண வழியின்றித் தலைவரிடம் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். வட்டிக்காரருக்குத் தலைவர் கட்டுப்பட்டவர். தலைவருக்கு ஆடுபவர் கட்டுப்பட்டவர். ஒரு பருவம் மழையாலோ நோயாலோ கெட்டுப்போனால் மேலிருந்து கீழ் வரையில் எல்லோரும் மூழ்குவார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் அவ்வாறே நடந்தது.

மாங் சமூகத்தில் 1935இல் பிறந்த விட்டாபாய் நாராயண்காவ்கர் அம்மையார் தமாஷாவின் பேரரசி எனப் போற்றப்பட்டவர். 1957இலும் 1990இலும் குடியரசுத் தலைவரின் விருது பெற்றார். ஆடிக்கொண்டிருக்கையில் பேற்று வலி கண்டு, திரைக்குப் பின்னே குழந்தையைப் பெற்றுவிட்டு, மீண்டும் ஆட வந்தார் என்று அவரைப் பற்றி வியந்து சொல்வார்கள். அந்தக் கதையை வியப்போடு கேட்க என்னால் இயலவில்லை. நிறைமாதத்தில் ஒரு பெண் ஆடியே தீரவேண்டும் என்ற நிலையில் குழுவை வைத்திருந்த பண ஏற்பாடு எத்தகையது என்றே கேட்கத் தோன்றுகிறது. 2002இல் அவர் வறுமையில் மறைந்தார். 2006 முதல் அவர் பெயரால் மராட்டிய அரசு வாழ்நாள் விருது வழங்குகிறது. விருதுகள் நல்லவை, ஆனால் சேமநிதி ஒன்று இருந்திருந்தால் அவருக்கு அது உயிரோடிருந்தபோதே உதவியிருக்கும்.

அதே தமாஷாவின் வடிவத்தை எடுத்து, பொருளை மாற்றி, அண்ணல் அம்பேத்கரின் இயக்கத்தார் 1930களில் ஜல்சாக் குழுக்களை அமைத்தனர். தீண்டாமை ஒழிப்பையும் கல்வியையும் ஊர் ஊராகச் சென்று பாடினர். 1944இல் அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகிய மூவரும் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினர். கூலிக்கு ஆடிய கலை கொள்கைக்காகவும் பாட வல்லது என்று அவர்கள் காட்டினார்கள். கொள்கைக்காகப் பாடுபவனுக்கும் வயிறு உண்டு என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. இயக்கக் கூட்டங்களில் பாடுகிறவர்களுக்கு ‘நம்ம ஆள்தானே’ என்று ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பேச வந்தவருக்கு மகிழுந்து. பறையடிக்க வந்த பத்துப் பேருக்கு ஒரு சரக்கு வண்டி. பேச வந்தவர் முதற்பந்தியில் உண்கிறார். அடித்தவர்கள் கடைசியில், குழம்பு தீர்ந்த பிறகு. நம் விழாக்களிலேயே இதைக் கண்டிருக்கிறேன். இன்றைய விழாவில் அவ்வாறு நிகழவில்லை என்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

தமிழ்நாட்டு நாடகத்தில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று கம்பெனி முறை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி. க. சண்முகம் முதலிய சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். பின்னர் 1925இல் தங்களுக்கென ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையை அமைத்துக்கொண்டார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகளுக்கு உணவு, உறைவிடம், பாட்டு, வசனம், கட்டுப்பாடு எல்லாம் கிடைத்தன, சம்பளம்தான் அரிது. மற்றொன்று ஸ்பெஷல் நாடக முறை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் அது நடைபெறுகிறது. இதில் கம்பெனி என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியம் பிறிதோர் ஊர் என்று தனித்தனியே தொகை பேசி அழைக்கப்படுவார்கள். ஒத்திகை இல்லை. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லோருக்கும் தெரிந்தவை ஆதலால், அந்த இரவில் மேடையில் சந்தித்தே நாடகத்தை நடத்திவிடுவார்கள். ஒவ்வொருவரும் தம் விலையைத் தாமே சொல்லலாம் என்பது இம்முறையின் சிறப்பு. நோயுற்றால் கேட்பாரில்லை என்பது குறை; அதற்காகவே அவர்கள் ஊர்தோறும் நடிகர் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

வடமாவட்டங்களின் கூத்துக் குழுக்களை ஜமா என்று சொல்வது வழக்கம். தாம்பூலம் கைமாறினால் நாள் உறுதி. வந்த தொகையைப் பங்கு வீதம் பிரித்துக்கொள்வார்கள். நம் மக்கள் நடத்தும் ஜமாக்களும் அவற்றில் உண்டு. கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் அவர்களும் ஹன்னே டி புரூயின் அம்மையாரும் முன்னின்று 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தனித்தனி ஜமாக்களாகப் போட்டியிட்டு ஒருவர் தொகையை ஒருவர் குறைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒன்றாக அமர்ந்து பேச அது இடமாயிற்று. அதே ஆண்டில் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா அவர்கள் சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, நம் சமூகப் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தார்கள். ஆண்களே அடித்துவந்த கருவியைப் பெண்கள் எடுத்தது கலைச் செய்தி மட்டும் அன்று. பெண்கள் இரவில் பயணம் செய்வது, உடை மாற்ற இடம் கேட்பது, கூலியைத் தங்கள் கையிலேயே வாங்குவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கின.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அழைக்க வருபவரிடம் தாம்பூலம் வாங்குமுன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வருவோர் எத்தனை பேர், தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. ‘நிகழ்ச்சி முடிந்த பிறகு’ என்று எழுதாதீர்கள். நள்ளிரவில் பொருளாளரைக் காணமுடியாது. கடைசிப் பகுதி தொடங்குமுன் என்று எழுதுங்கள். வண்டிச் செலவு இருவழியும் யாருடையது, மழையால் நின்றால் முன்பணம் என்னாகும், பெண் கலைஞர்களுக்கு உடை மாற்றும் அறை எங்கே என்பவற்றையும் எழுதுங்கள். துண்டறிக்கையில் குழுவின் பெயரோடு கலைஞர்களின் பெயரும் அச்சாக வேண்டும். ‘பறைமேளம் உண்டு’ என்று மட்டும் போடுவது, ‘ஒலிபெருக்கி உண்டு’ என்பதற்கு ஒப்பானது. எல்லோரும் உண்ணும் பந்தியிலேயே உணவு என்பதையும் எழுதத் தயங்காதீர்கள். எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதச் சொன்னவுடன் எழுந்து போகிறவர் எப்படிப்பட்டவர் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பங்கீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு 20,000 ரூபாய் பேசியிருக்கிறது என்று கொள்வோம். வண்டிக்கு 3,500, தோலும் சட்டமும் பழுதுபார்க்க 1,500 போக, மீதி 15,000. அதைப் பன்னிரண்டு பங்காக்கினால் பங்கு ஒன்றுக்கு 1,250. எட்டுப் பேருக்கு ஒவ்வொரு பங்கு. தலைவருக்கும் கருவிகளைக் காப்பவருக்கும் ஒன்றரைப் பங்கு. எஞ்சிய ஒரு பங்கு சேமநிதிக்கு. நோய்க்கும் பேறுகாலத்துக்கும் அது உரியது. இந்த விகிதம்தான் சரி என்பதில்லை. ஆனால் விகிதம் எதுவாயினும், வண்டியில் ஏறுமுன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் கொள்கை வேறுபாட்டால் அன்று. திரும்பி வரும் வழியில் பணத்தைப் பிரிக்கும்போதுதான்.

குழுவைப் பதிவு செய்ய விரும்புவோருக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் போதும். பதிவுக்குப் பின் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். 2007இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே உறுப்பினராகுங்கள். தலைவர் மட்டும் அட்டை வைத்திருக்கும் குழுக்கள் பல. சரக்கு சேவை வரியைச் சொல்லி அச்சுறுத்துவார்கள். நாட்டுப்புறக் கலை நிகழ்த்தும் கலைஞருக்கு நிகழ்ச்சி ஒன்றுக்கு 1,50,000 ரூபாய் வரையில் அந்த வரியினின்றும் விலக்கு உண்டு. ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொருந்தும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் திறந்தவெளியில் இடமில்லை. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடியக் கூத்தாடும் ஜமாக்கள் இதனால் படும் தொல்லை பெரிது. காவல் நிலைய அனுமதியை அழைப்பவரே வாங்கித் தரவேண்டும் என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

காலம் மாறிவருகிறது. 2007இல் சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைகளைப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு சென்னை மேடையில் கானாவையும் பறையையும் பிற இசையோடு சேர்த்து முழக்கியது. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறை இசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அழைப்புகள் இனிப் பெருகவே செய்யும். அழைப்பவர்களுக்கும் நமக்கும் நடுவே தரகர்களும் பெருகுவார்கள். தரகு தவறன்று. நாள் பிடித்துத் தருபவரின் உழைப்புக்கு ஒரு விழுக்காடு கொடுக்கலாம். ஆனால் அழைத்தவர் கொடுத்த முழுத் தொகை எவ்வளவு என்பதைக் குழு அறிந்திருக்க வேண்டும். அதை மறைக்கும் தரகரோடு இரண்டாம் முறை போகாதீர்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நூலகமும் நடத்தி வருகிறீர்கள். வணிகவியல் படித்த பிள்ளைகள் நம்மிடையே இன்று பலர் உள்ளனர். அவர்களில் இருவர், திங்களுக்கு ஒருமுறை, சுற்றுவட்டாரக் குழுக்களின் கணக்கேட்டைப் பார்த்துக் கொடுக்க இங்கே அமரட்டும். தோல் காய்ச்சத் தெரிந்த முதியவர்களுக்கும் வரவு செலவு எழுதத் தெரிந்த இளைஞர்களுக்கும் இடையே இன்று பேச்சே இல்லை. அந்த மேசையில் அது தொடங்கலாம். நான் சொன்ன ஒப்பந்தத் தாளின் மாதிரியைச் செயலாளர் அவர்களிடம் ஐம்பது படிகள் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.