முத்திரையிட்ட புட்டி



நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள் என்று கேட்டால், உங்களுள் பலர் பொறியாளர் என்று விடை கூறுவீர்கள். அணை கட்டுவோரும் பாலம் அமைப்போரும் அப்போது உங்கள் நினைவில் எழுவர். எதையும் கட்டாமல், ஆலையின் கழிவுநீர் வெளியேறும் வாயிலில் நின்று ஒரு புட்டியில் நீர் முகக்கும் பொறியாளரும் உளர். ஆற்றுக்குக் காவலராக அரசு நிறுத்தியுள்ள அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இலட்சக்கணக்கானோர்க்குச் சோறு அளிப்பது. அத்தொழிலில் துணிக்கு நிறம் ஏற்றுவதற்குச் சாயம் மட்டும் போதாது. உப்பும் மிகுதியாக வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழை சாயத்தை விலக்கும் இயல்புடையது. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையருகே கொண்டு சேர்க்கிறது. பணி முடிந்தபின் சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ நீரோடு வெளியேறிவிடும்.

அந்நீரின் நிறத்தைப் போக்க வழியுண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு மட்கும் அழுக்கையும் நீக்கலாம். ஆனால் கரைந்த உப்பை நுண்ணுயிர் உண்பதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெளிந்த நீரும் பயிருக்கு நஞ்சாகலாம். இங்கே கண் சான்றாகாது, அளவைதான் சான்று.

அந்த அளவைகளைச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அந்நீரை 27 பாகை வெப்பத்தில் 3 நாள் வைத்தால், அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் கொள்ளும் உயிர்வளி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி 1982-இல் நம் மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது.

1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் சாயக் கழிவே தேங்கிற்று. நீரைத் திறந்துவிடுங்கள் என்று வேண்ட வேண்டிய உழவர்கள், திறக்க வேண்டா என்று மன்றாடினார்கள். அணைக்குக் கீழே என் தமையனாருக்குச் சிறிது நிலம் இருந்தது. அவர் கிணற்று நீர் ஆண்டுதோறும் கரித்தது. தென்னையின் குரும்பைகள் உதிர்ந்தன.

2003-ஆம் ஆண்டில் ஒருநாள், என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் அப்போது வாரியத்தில் பொறியாளர். அவர் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன். ஒரு சாய ஆலையின் கழிவுநீர் மாதிரியை எடுத்திருக்கிறார். உப்பின் அளவு வரம்பைப் பெரிதும் கடந்திருப்பதாக ஆய்வுக்கூடம் தெரிவித்துவிட்டது. ஆனால் ஒரு குறை நேர்ந்துவிட்டது.

மாதிரி எடுப்பதற்கும் சட்டத்தில் ஒரு முறையுண்டு. ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் மாதிரியை அவர் கண்முன் இரண்டாகப் பகிர வேண்டும். புட்டியை முத்திரையிட்டு, எடுத்தவரும் பொறுப்பாளரும் ஒப்பமிட வேண்டும். இம்முறை வழுவினால் ஆய்வு முடிவு வழக்குமன்றத்தில் சான்றாகாது. அன்று பொறுப்பாளர் தொலைபேசி அழைப்புக்கு உள்ளே சென்றிருக்கிறார். அந்தப் பரபரப்பில் அவருடைய ஒப்பம் இல்லாமலே புட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது.

என் மனக்கண்ணில் தமையனாரின் தோப்பு தோன்றியது. "இதற்கா கவலை, தம்பி? ஏதேனும் சொல்லி இப்போது ஒப்பம் வாங்கிப் பழைய தேதியைப் போட்டுவிடலாமே! ஆற்றில் ஓடிய உப்பு பொய்யா?" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, உப்பு பொய்யன்று, தேதி பொய்யாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் நாப்தலீனின் உருகுநிலை 80 பாகை என்று செய்முறை ஏட்டில் எழுதினேன். என் வெப்பமானி காட்டியது 77. புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று கண்டுபிடித்து, அந்தத் தாளைத் தாங்கள் கிழித்துவிட்டீர்கள். விடை சரிதானே என்று கேட்டேன். 'விடை சரி, நீ கண்டது அதுவன்று' என்றீர்கள்" என்றார்.

நான் தலை குனிந்தேன். ஆசிரியன் மறந்த பாடத்தை மாணவன் மறக்கவில்லை.

அவர் மேலும் சொன்னார்: "குற்றவாளியைப் பிடிக்க இன்று ஒரு பொய் எழுதினால், நாளை குற்றமற்றவரை மிரட்டவும் அதே பொய் உதவும். என் புட்டியை இருவரும் நம்ப வேண்டும், ஐயா."

தம் தவற்றை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துக் கண்டனம் பெற்றார். சில வாரங்கள் சென்றபின் ஒரு விடியற்காலையில் மீண்டும் போய், முறை வழுவாமல் மாதிரி எடுத்தார். இம்முறையும் உப்பு வரம்பை மீறியிருந்தது. ஆலையை நிறுத்த ஆணை பிறந்தது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட வாரங்களில் கழிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்காகத் தமையனார் என்னிடம் சினந்துகொண்டார். ஆலை நின்றபோது வேலை இழந்தோருள் என் பள்ளிப் பிள்ளைகளின் தந்தையரும் இருந்தனர். நேர்மையான கடமையும் சிலருக்குத் துன்பம் தரும். அதை அறிந்தே அப்பொறியாளர் ஒப்பமிட்டார். அறிந்ததனால்தான் அவ்வளவு கவனமாகவும் இட்டார்.

பின்னர், 2011 ஜனவரியில், கழிவு சிறிதும் வெளியேறாத நிலையை எய்தும்வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திப் பிரித்து, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. ஆற்றைக் காப்பதும் தொழிலை நடத்துவதும் ஒருங்கே இயலும் என்பது இதனால் தெளிவாகிறது. ஆயினும் மண்ணில் ஏறிய உப்பு ஆணைக்கு அஞ்சி ஒரே நாளில் இறங்கிவிடுவதில்லை. என் தமையனாரின் தென்னைகள் பழையபடி காய்க்கவேயில்லை.

மாணவர்களே! நாளை உங்கள் செய்முறை வகுப்பில் வெப்பமானி 77 என்று காட்டினால், 77 என்றே எழுதுங்கள். ஏன் 3 பாகை குறைந்தது என்று பிறகு ஆராயுங்கள். ஓர் ஆற்றைக் காக்கும் தகுதி அந்த ஏட்டிலேயே தொடங்குகிறது.